கண்ணாடியைக் கழற்றத்தான் அவளிடம் கேட்டேன்

ஏழு வயதில் மூக்கில் ஏறிய கண்ணாடி, முப்பத்தொரு வயதாகியும் இறங்கவில்லை. பவர் மைனஸ் பதினொன்று. கழற்றினால் எதிரே நிற்பது ஆளா லைட் கம்பமா என்று தெரியாது.

கல்யாணத்தன்று, "மணவறையில கண்ணாடி வேணாம், போட்டோவுக்கு நல்லா இருக்காது" என்று அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். தாலி கட்டியவர் இவர்தான் என்று குரலை வைத்துத்தான் நம்பினேன். இதைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் இனித் திரும்பி வராது.

மகள் பிறந்த பிறகு ஏக்கம் கூடிவிட்டது. விடியற்காலை கண் திறந்தால் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை மங்கலாக, முகமே இல்லாமல் தெரிவாள். துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் எழுந்து ஓடிவிடுவாள். கண் திறந்ததும் அவள் தூங்கும் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

கண்டியில் லேசர் செய்து கண்ணாடியை எடுத்துவிடலாம் என்று கந்தோரில் கூட வேலை செய்பவள் சொன்னாள். அவளே அப்படி எடுத்தவள். அன்று மாலை கடுகண்ணாவையில் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். "கண்ணாடி இல்லாம என் பிள்ளையைப் பார்க்க வை தாயே, உனக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறேன்" என்று நேர்ந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. தகட்டில் செய்த அந்த இரண்டு கண்களையும் அந்த வாரமே வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டேன். "பிள்ளை பொறக்கும் முன்னே பேர் வைக்கிறியே" என்றார் மாமியார்.

ஐப்பசியில் பரிசோதனைக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"நீங்க கேட்ட லேசர் செய்ய ஏலாது. கருவிழி சரியான மெல்லிசு. ஆனா இடது கண்ணுக்குள்ள, பின்பக்கம் உள்ள திரையில ஒரு ஓட்டை இருக்கு. அதை வேற லேசரால இன்னைக்கே அடைக்கணும். விட்டா பார்வை போயிரும்."

ஏலாது என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. அன்றே மெஷினில் நாடியையும் நெற்றியையும் பதித்து உட்கார்ந்தேன். பச்சை வெளிச்சம் சுள் சுள்ளென்று குத்தியது. திரும்பி வரும்போது த்ரீவீலில் வழி முழுக்க அழுதேன்.

"அழுறதுக்கு ரெண்டு கண்ணும் இருக்குல்ல, அதுக்குச் சந்தோஷப்படு" என்றார் கணவர்.

எனக்கு அம்மன் மேல்தான் கோபம். கேட்டதை அவள் தரவில்லை, சொன்னதை நான் ஏன் தரவேண்டும்? மூன்று மாதம் கோயில் பக்கமே போகவில்லை.

தை மாதம் மறுபடி காட்டப் போனபோது, ஓட்டை நன்றாக அடைபட்டுவிட்டது என்றார் டொக்டர்.

"முதல்ல என்ன கஷ்டத்துக்கு வந்தீங்க? மின்னல் மாதிரி ஏதும் தெரிஞ்சிச்சா?"

"ஒன்னும் தெரியல டொக்டர். கண்ணாடியைக் கழட்டுற ஆசையில வந்தேன்."

"அந்த ஆசை இல்லாட்டி வந்திருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வலிக்காத ஓட்டைக்கு யார் டொக்டரிடம் போவார்கள்? இத்தனை வருஷ ஏக்கம்தான் என்னைப் பிடித்து இழுத்து டொக்டர் முன்னால் உட்கார வைத்திருக்கிறது. அதை என் நெஞ்சில் வைத்தவள் அம்மன். அவளோடுதான் நான் மூன்று மாதம் பேசாமல் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கண்மலரைக் கொண்டுபோனேன். "நேர்த்தி நிறைவேறிச்சாம்மா?" என்று ஐயர் என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நிறைவேறிச்சு சாமி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஏக்கம் தீர்ந்ததா என்றால், இல்லை. சாமி விஷயத்தில் பொய் சொல்லக்கூடாது. ஆனால் இப்போது காலையில் கண்ணாடியைத் தேடுவதில்லை. மூக்கு உரசுமளவு பிள்ளையின் பக்கத்தில் போய்விடுகிறேன். அவ்வளவு கிட்டே எனக்குத் தெளிவாகத் தெரியும், ஒவ்வொரு இமை மயிரும்.

அம்மன் பிள்ளைகளே, கேட்டது கிடைக்கவில்லை என்றால் அவளோடு சண்டை பிடியுங்கள், தாய்தானே. ஆனால் கேட்பதை நிறுத்தாதீர்கள். தடித்த கண்ணாடி போடுபவர்கள் வலி வருமட்டும் காத்திருக்காமல் போய்க் கண்ணைக் காட்டுங்கள். நான் அவளிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.