திருப்பித் தர வேண்டிய நாள்

என் அக்கா வாழ்க்கையில் இரண்டே பேரைக் கடித்திருக்கிறாள். இரண்டுமே புத்தகத்துக்காகத்தான்.

முதல் கடி பள்ளியில். எங்கள் பள்ளி நூலகம் என்பது அறிவியல் கூடத்தின் மூலையில் நின்ற ஓர் இரும்பு அலமாரி. சாவி விளையாட்டு வாத்தியாரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் மட்டும் திறப்பார். அதிலிருந்த ஒரே கடற்கொள்ளைக் கதையை இவளும் ஒரு நெட்டைப் பெண்ணும் ஒரே சமயத்தில் பிடித்தார்கள். அந்தப் பெண் இவள் முடியைப் பிடித்து இழுக்க, அக்கா அவள் முழங்கையில் பல்லைப் பதித்துவிட்டாள். ரத்தம் வந்தது. வாத்தியார் இருவரையும் பிரம்பால் விளாசினார். ஆனாலும் புத்தகம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

இரண்டாவது கடி அப்பாவுக்கு. லாரி ஓட்டிக் களைத்து வந்தவர், கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை என்று அதே புத்தகத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போனார். அவருடைய கட்டைவிரலைக் கவ்விவிட்டாள். அவர் அறைந்த அறையில் மூன்று நாள் அவளுக்கு ஒரு காது கேட்கவில்லை. "புக்குல ஒரு பக்கம்கூடக் கிழியல தெரியுமா?" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு இன்றைக்கும் சிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவளுக்குப் பொது நூலகம் கிடைத்தது. பகல் முழுக்க ரத்தமும் சீழும் படிந்த விரிப்புகளைக் கொதிநீரில் அலசி மடித்துவிட்டு, ஐந்தரை மணிக்கு அங்கே போய் உட்காருவாள். அந்தப் பழைய தாள் வாசனை பட்டால் கை எரிச்சல் அடங்கிவிடும் என்பாள். ஒருநாள் எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தன் மேசைக்கடியில் காலால் உரசினான். நாளிதழ் கோத்திருந்த மரக்கம்பை உருவி அவன் மண்டையில் ஒரே போடு போட்டாள். ஓடிவந்த நூலகர் அம்மா முதலில் கம்பு உடைந்துவிட்டதா என்று பார்த்தார். பிறகு அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சிநேகிதம் அது. புதுப் புத்தக மூட்டை வந்தால் முதலில் பிரிப்பது இவர்கள் இருவரும்தான்.

அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். பார்க்க சாது மாதிரி இருப்பான், நாசமாய்ப் போனவன். முதல் மாதமே கை நீட்டினான். நூலகப் புத்தகத்தின் கடைசித் தாளில் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்திய சீட்டு ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அதைப் பிரித்து உரக்கப் படிப்பான். புத்தகத்தைக் கொடுக்கிற தேதி ஞாபகம் இருக்கிறது, புருஷன் சொன்னது ஞாபகம் இல்லையா என்று கேட்டுக் கேட்டு அடிப்பான். பதினோரு வருஷம் இப்படித்தான் போயிற்று. பாதியை என்னிடம் சொல்லவே இல்லை. கடைசியில் கதவிடுக்கில் அவள் விரல்களை வைத்து நசுக்கினான். இரண்டு விரல் முறிந்தது.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பையில் மாற்றுத்துணி இரண்டும் பாதி படித்த ஒரு தடிப் புத்தகமும் இருந்தன. நான் குடிமாறி வந்த இந்த வீடு அவனுக்குத் தெரியாது. சலவைக்கூடத்துக்குத் தேடி வருவான் என்று வேலைக்கும் போகவில்லை. ஒன்பது நாள் நிம்மதியாக இருந்தோம். விரலில் கட்டோடு புத்தகத்தைப் படித்து முடித்தாள்.

பத்தாம் நாள் அதைத் திருப்பித் தர வேண்டிய தேதி. அடுத்து யாரோ கேட்டு வைத்திருக்கிறார்களாம், காத்திருப்பார்களாம். நான் கத்தினேன். அந்தக் கொலைகாரப் பயல் ஊரெல்லாம் தேடுகிறான், உனக்குப் புத்தகம் கேட்கிறதா என்றேன். நீயாவது கொடுத்துவிட்டு வா என்று கெஞ்சினாள். எனக்கு வேறு வேலை இல்லையா என்று கோபத்தோடு நான் வேலை பார்க்கிற தையல் கடைக்குப் போய்விட்டேன். கொடுத்துவிட்டு வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருப்பேன்?

உலகத்தில் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத அந்த மடையன் இந்தத் தேதியை மட்டும் மறக்கவில்லை. நூலகம் திறந்ததுமே வந்து, பேப்பரில் சுற்றிய இரும்புக் கம்பியோடு வாசிப்பு மேசையில் உட்கார்ந்திருந்தான். அக்கா புத்தகத்தை நூலகர் அம்மாவிடம் நீட்டும்போது பின்னாலிருந்து முதல் அடி விழுந்தது. தோள் எலும்பு முறிந்தது. திரும்பியபோது இரண்டாவது அடி முகத்தில். கண்ணிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்ட, தவழ்ந்தே அலமாரிகளுக்கு நடுவில் புகுந்தாள். அவன் துரத்தினான். சட்டப் புத்தக அலமாரி ஆடும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் போய், சுவரில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலாலும் உதைத்தாள். அலமாரி அப்படியே அவன்மேல் சாய்ந்தது. இடுப்பு நொறுங்கிய சத்தம் கேட்டதாம். பேப்பர் படிக்க வந்த நாலு பெரியவர்கள், போலீஸ் வரும்வரை அந்த அலமாரி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

அக்காவுக்கு இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், அவள் மடித்த விரிப்பிலேயே அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் அழுதுகொண்டே திட்டினேன். அவன் அங்கே இருப்பான் என்று உனக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்டேன்.

"தோணிச்சு," என்றாள். "அவனுக்குப் பயந்து வீட்டை விட்டேன், வேலையை விட்டேன். அந்த எடத்தையும் விட்டுட்டா எனக்குன்னு என்னடி இருக்கு?"



அவன் இப்போது சிறையில் இருக்கிறான். அக்கா மறுபடியும் ஐந்தரை மணிக்கு நூலகம் போகிறாள். முதல் வாரம் துணைக்கு நானும் போனேன். முன்பெல்லாம் இங்கே வந்தால் இவளை மூன்று தரம் கூப்பிட்டால்தான் நிமிர்வாள், அப்படி மூழ்கிப் படிப்பாள் என்று நூலகர் அம்மா பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தலையைத் தூக்கி, அந்த ஒற்றைக் கண்ணால் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.