சாவடியில் தங்கப் போய் நான் சொன்ன யோசனை

அட்டைக்குப் பயந்து வேட்டிக்கு அடியில் மனைவியின் லெக்கின்ஸைப் போட்டுக்கொண்டு மலையேறியவன் நான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். நாலாம் வகுப்போடு நின்றவன், தட்டச்சு மகளுடையது. பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஜூன் மாதம் மாங்காய் லோடு முடிந்து என் லாரிக்கு ஓய்வு. மறையூர்ப் பக்கம் முதுவர் என்ற மலைவாழ் மக்களின் ஊரில், அதாவது குடியில், வெளியாட்களை இரவு தங்க விடப்போவதாக ஜீப் ஓட்டும் நண்பர் சேவியர் சொன்னார். முதல் ஆளாகத் தங்கி, உங்களிடம் பீற்றிக்கொள்ள ஆசை. எங்கள் ஊர் முதலமடையில் காலை ஐந்தரைக்குப் பஸ்; பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் மாறி, மறையூர் சேரப் பதினொன்றரை. ஜீப் ஆயிரத்து ஐந்நூறு, பிறகு நாலு கிலோமீட்டர் நடை.

"அண்ணே, காணியக் கேக்காம எங்கயும் உக்காந்துராதீக" என்று வழியெல்லாம் சொன்னார் சேவியர். காணி என்றால் குடியின் தலைவர். குடிக்குப் போனதும், முற்றத்தில் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஓர் இடம் காலி, எனக்குக் கால்வலி. உட்கார்ந்துவிட்டேன்.

அது குடிக்கூட்டம். கல்யாணமாகாத பையன்கள் உறங்குவதும், மழைக்காலத்தில் வழக்குத் தீர்ப்பதும் சாவடியில்தான். வெளியாட்களைத் தங்கவைக்க அதை மாத வாடகைக்குக் கேட்டிருந்தார் ஒரு சுற்றுலா ஏஜெண்ட். வட்டத்தில் எல்லோரும் பேச வேண்டும். ஒருவர் மறுத்தாலும் முடிவில்லை. காணி கடைசியில்தான் வாய்திறப்பார்.

பிள்ளைகளின் படிப்புக்கு உதவுமே என்றார் ஒருவர். வாசலில் நின்ற அவர் மனைவி விடவில்லை. "சாவடிய வாடகைக்கு உட்டுட்டு நாளைக்குக் கூட்டம் எங்க கூடுவ? ஏஜெண்டு ஆபீசுலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து, "சரி, வேணாம்" என்றார்.

காணி என்னைப் பார்த்தார். "வட்டத்துல உக்காந்தவரு பேசாம எழக்கூடாது. சொல்லுங்க."

சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, எங்கூட்டு முன்னறைய ஒருத்தன் கேட்டா நானே உடமாட்டனுங்க. ஒரு பயலையும் ராத்திரி தங்க உடாதீங்க!"

"எல்லாருக்கும் ஒரே சொல்லு. இனி உறவுக்காரங்க மட்டுந்தான் தங்கலாம்" என்று முடித்தார் காணி.

என் வீட்டில்கூட என்னை யாரும் யோசனை கேட்டதில்லை. முன்பின் தெரியாதவனைக் கேட்டு, கடைசிவரை காதுகொடுத்த அந்த மனிதர்களுக்கு நன்றி சொல்லி மாளாது.

போகிறவர்கள் வனத்துறையிடமும் காணியிடமும் முன்பே அனுமதி வாங்குங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். குடியின் பெயர் என்னிடம் கிடைக்காது.

தீர்மானம் அன்றைக்கே நடைமுறைக்கு வந்தது. வயிறு நிறைய ராகிக்களியும் கீரையும் போட்டு, நாலு மணிக்கு என்னை மழையில் அனுப்பி வைத்தார்கள். மறையூரில் அறை அறுநூற்றைம்பது ரூபாய். லெக்கின்ஸ் காலைவரை காயவில்லை.