வலது சீற்றில் இருப்பவர் கை தூக்க வேண்டும்

1. ஸ்ரியறிங் இந்தப் பக்கம்

குளங்களைப் பார்க்கப் புதிதாக வந்த இஞ்சினியர் ஐயா மாங்குளம் ஸ்ரேசனில் வந்து இறங்கிய காலை, வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியுமாக நேரே வந்து ஜீப்பின் இடது பக்கத்தால் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தன் மடிக்கு மேல் ஸ்ரியறிங் இருப்பதைக் கண்டார். உடனே இறங்கினால் மரியாதை போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். பெட்டியைத் தூக்கி வந்தவன் என் காதுக்குள், "ஐயாவே ஜீப் ஓடப்போறாரோ?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வயிற்றுக்குள் உருண்டது. வெளியே விடவில்லை. நான் அப்போது தற்காலிகச் சாரதி. என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர், அந்த ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்தான்.

"ஐயா, இது இடக்கை ஜீப். ஓடுறவர் இடப்பக்கம். நீங்கள் வலப்பக்கம் வாங்கோ" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிச் சுற்றி வந்தார். வலது சீற்றில் சரியாக அமர்ந்ததும் எனக்கு முதல் கட்டளை பிறந்தது.

"இங்கை பாரும் டிரைவர். வளவளவெண்டு கதைக்கிற ஆக்களை எனக்குப் பிடிக்காது. வேலைக் கதை மட்டும் கதையும்."

"ஓம் ஐயா" என்றேன். பிற்பாடு என்னைப் படாதபாடு படுத்தியது இந்த ஒரு "ஓம்"தான்.

2. எங்கள் சட்டம்

இன்றைய சாரதிகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐம்பதுகளின் பின்பாதியில் வன்னிக் காட்டு றோட்டுகளில் ஓடிய ஜீப்புகளில் பல, உலக யுத்தத்துக்கு வந்த பட்டாளம் விட்டுப்போனவை. ஏலத்தில் எடுத்து, பச்சை மைக்கு மேல் வேறு மை பூசி, இலாகாக்காரரும் கொந்தராத்துக்காரரும் மரம் விற்கும் மரக்காலைக்காரரும் ஓடினார்கள். ஸ்ரியறிங் இடப்பக்கம். நாட்டில் வாகனம் போவதும் இடப்பக்கம். ஆகவே சாரதி பற்றைக்கரையில் இருப்பார். பக்கத்தில் இருப்பவர் றோட்டின் நடுவில் இருப்பார்.

இப்படி ஒரு கோணல் வண்டியை வைத்துக்கொண்டு மாரடித்தவர்களுக்குள் ஓர் ஒட்டு உண்டாயிற்று. ஓர் இடக்கை ஜீப் இன்னோர் இடக்கை ஜீப்பைக் கண்டால் கை தூக்கும். லொறிக்குத் தூக்குவதில்லை, காருக்கும் இல்லை. சாரதியின் வலக்கைக்குக் கியரிலேயே வேலை சரி. அதோடு எதிரே வருபவருக்குக் கிட்டத்தில் இருப்பது வலது சீற்தான். எனவே கை தூக்கும் பொறுப்பு வலது சீற்றில் இருப்பவருடையது, அவர் யாராக இருந்தாலும். உள்ளங்கை முன்னால் தெரிய, காது உயரத்துக்கு ஒரு தரம் தூக்கி இறக்க வேண்டும். ஆட்டக்கூடாது. ஆட்டினால் 'நில்' என்று அர்த்தம். வலது சீற் வெறுமையாக இருந்தால் மட்டும் சாரதி தன் வலக்கையைக் கியரில் இருந்து எடுத்து எட்டித் தூக்குவார்.

கை தூக்கியவர் பழுதாகி நின்றால் தூக்கப்பட்டவர் நிறுத்துவார். பெல்ற் அறுந்தால் பெல்ற் தருவார், யானை நின்றால் கூட நின்று ஹோண் அடிப்பார். இதெல்லாம் எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறியவனை மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் வைத்து உரித்து எடுத்துவிடுவார்கள்.

இஞ்சினியர் ஐயா முதல் வாரத்திலேயே மீறினார். கழுத்துப்பட்டி அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு வருவார். எதிரே ஒவ்வொரு கையாக எழும்பும், பதில் கிடைக்காமல் இறங்கும். நான் ஒரு தரம் துணிந்து, "ஐயா, வலது சீற்றில இருக்கிறவை கை..." என்று தொடங்கினேன்.

"இது வேலைக் கதையோ?"

"இல்லை ஐயா."

"அப்ப ஓடும்."

கடையில் எனக்குத்தான் பூசை. "டேய், உன்ர துரைக்குக் கை வழங்காதோ?" என்று ஒருவர் கேட்டார். "எண்ணெய் போட்டு உருவிவிடன்" என்றார் இன்னொருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

3. ஐயாவின் கை எழும்பிய நாள்

ஒட்டுசுட்டானில் இருந்த கொந்தராத்து வேலாயுதத்தாரிடமும் ஓர் இடக்கை ஜீப் இருந்தது. அவருடைய மகள் புவனம் மாங்குளப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரீச்சர். காலையில் அப்பா ஜீப் ஓட, மகள் வலது சீற்றில் வருவாள். எங்கள் கூட்டத்தில் கை தூக்கிய ஒரே பெண் அவள்தான். முதலில் கூச்சப்பட்டாளாம். "வலது சீற்றில இருந்தால் வலது சீற்று வேலையைப் பார்" என்று வேலாயுதத்தார் சொல்லிவிட்டாராம்.

எனக்கு அவளில் ஒரு விருப்பம் இருந்தது. ஒளிப்பானேன், அது தலைகால் தெரியாத விருப்பம். ஒரு தரம் அவர்களுடைய ஜீப்பின் பான் பெல்ற் அறுந்து நின்றபோது நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அது ஐயா வருமுன், என் வலது சீற் வெறுமை. நானே எட்டி எட்டிக் கை தூக்கித் திரிந்த காலம். புவனம் என்னைப் பார்த்து, "நீங்கள் கை தூக்கேக்கை தேங்காய் பிடுங்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் நித்திரை கொண்டேன். நிரந்தரக் கடிதம் வந்ததும் வேலாயுதத்தாரிடம் போய்க் கேட்பது என்று முடிவு. தற்காலிகக்காரனுக்குப் பெண் கேட்க வாய் வராது.

ஆகவே, ஐயா மரம் போல இருக்கிற கோலத்தில் வேலாயுதத்தாரின் ஜீப் முதல் தரம் எதிரே வந்த அன்று, திரும்பிப் போக வேறு றோட்டு உண்டா என்று தேடினேன். மரியாதை தெரியாத ஜீப் என்று மனுசன் நினைத்தால் என் கதை முடிந்தது. புவனத்தின் கை எழும்பியது. வளையல் மின்னியது. அவள் சிரித்தாள்.

என் பக்கத்தில் ஐயாவின் கை தானாக எழும்பியது!

காது உயரம், உள்ளங்கை முன்னால், ஒரே ஒரு தரம். எனக்குச் சந்தோசத்தில் கிளச்சை மிதிக்க மறந்து கியர் கறகறவென்றது. ஐயா திட்டவில்லை. அவர் காதில் அது விழவேயில்லை.

அதன் பிறகு நாள் தவறவில்லை. மற்ற ஜீப்புகளுக்கு அவர் கை எழும்பாததைக் கவனித்தேன். படிப்படியாகப் பழகுகிறார், முதலில் ஒரு ஜீப்போடு தொடங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதைவிடப் பெரிய மடையனை மாங்குளத்தில் தேடிப் பிடிக்க முடியாது.

4. ஒரு குலை கதலி

ஐயா தலைக்கு வாசனை எண்ணெய் வைக்கத் தொடங்கினார். கழுத்துப்பட்டி தினமும் மாறியது. முன் கண்ணாடியைத் தானே துடைத்தார். ஒரு நாள் றேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டுப் புறப்படப் பத்து நிமிடம் பிந்தியது. "நேரம் போகுது, நேரம் போகுது" என்று அவர் ஜீப்பைச் சுற்றி நடந்தார். பார்க்க வேண்டிய குளமோ ஆயிரம் வருடமாக அங்கேயே கிடக்கிறது. நான் அதையும் கடமை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவராகவே வாய் திறந்தார்.

"டிரைவர், அந்த ஜீப்பில வாற ரீச்சர் ஆர்?"

"கொந்தராத்து வேலாயுதத்தாற்றை மகள், ஐயா."

"ஒவ்வொரு நாளும் எனக்குக் கை காட்டுறா, கவனிச்சனீரோ? சிரிக்கிறா வேற. ஞாயிற்றுக்கிழமை அவையின்ர வீட்டை போவம். நான் சீமையில படிச்சனான். என்ர கலியாணத்தை நானே கதைப்பன். ஒரு குலை கதலி வேண்டி வையும்."

ஜீப் றோட்டை விட்டு இறங்கிப் பற்றைக்குள் போய் நின்றது. மாடு குறுக்கே வந்தது என்றேன். எந்த மாடும் வரவில்லை.

"ஐயா, அந்தக் கை..." என்று தொடங்கினேன்.

"மாட்டைப் பாத்து ஓடும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. பேசினால் என் கடிதமும் போகலாம் என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாழைக்குலையைப் பின்னால் வைத்துக்கொண்டு நானே ஓடினேன். வழியில் ஜீப்பைப் பழுதாக்கி விடலாமா என்று நான்கு தரம் யோசித்தேன். ஒரு வயரைக் கழற்றினால் போதும். ஆனால் பாவம், ஜீப் என்ன செய்தது?

5. நெல்லு மூட்டை

வேலாயுதத்தார் வாசலுக்கு ஓடி வந்து, "வாங்கோ ஐயா, வாங்கோ, இருங்கோ" என்று கதிரை போட்டார். நான் குலையைத் திண்ணையில் இறக்கிவிட்டு, முறைப்படி முற்றத்தில் ஜீப்பின் அருகே துடைக்கிற துணியோடு நின்றேன். ஐயா சுற்றி வளைக்காமல் விசயத்தைச் சொன்னார். இஞ்சினியர் மாப்பிள்ளை, அதுவும் வலியத் தேடி வந்தது. வேலாயுதத்தாரின் முகம் மலர்ந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. எந்தத் தகப்பனுக்கும் மலரும். நான் துணியால் அதே மட்காட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

"பிள்ளையையும் ஒரு சொல்லுக் கேப்பம்" என்று வேலாயுதத்தார் குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். புவனம் வந்து கதவு நிலையோடு நின்றாள்.

"நீர் ஒவ்வொரு நாளும் எனக்குக் கை காட்டினனீர் எல்லோ?" என்றார் ஐயா.

"ஓம் ஐயா, காட்டினனான். வலது சீற்றில இருந்தால் காட்டவேணும். உங்கட சீற்றில நெல்லு மூட்டை இருந்திருந்தாலும் காட்டியிருப்பன்."

"பிள்ளை!" என்று வேலாயுதத்தார் அலறினார்.

ஐயா விடவில்லை. "அப்ப சிரிச்சது?"

அவள் தலை குனிந்தாள். குரல் குனியவில்லை.

"சிரிச்சது இடது சீற்றைப் பாத்து."

முற்றம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பறக்க வேண்டும் போலவும் இருந்தது, ஜீப்புக்கு அடியில் புக வேண்டும் போலவும் இருந்தது. ஐயா எழும்பினார், "சரி, போட்டு வாறம்" என்றார், வந்து ஏறினார்.

மூன்றாம் மைலில் ஐயா கழுத்துப்பட்டியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"இந்தக் காட்டுக்கு வந்து மூண்டு மாசம். ஒரு சனமும் என்னோட முகம் குடுத்துக் கதைச்சதில்லை. ஒரு கை எழும்பினதும் எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

என் மனம் தாங்கவில்லை. வேலைக் கதை, வீட்டுக் கதை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது.

"ஐயா, ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கை உங்களுக்கு எழும்பினது. நீங்கள்தான் பாக்கேல்லை" என்றேன். சட்டம் முழுவதையும் சொன்னேன். காது உயரம், பெல்ற், யானை எல்லாம்.

அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எதிரே மரக்காலைக்காரரின் இடக்கை ஜீப் வந்தது. ஐயாவின் கை எழும்பியது. அந்தப் பக்கம் வலது சீற்றில் இருந்தவர் திகைத்துப் போய் இரண்டு கையையும் தூக்கினார். ஐயா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"டிரைவர், நீர் அந்தப் பிள்ளையைக் கேட்டனீரோ?"

"இல்லை ஐயா. நிரந்தரமானாப் பிறகு கேப்பம் எண்டு..."

"ஜீப்பைத் திருப்பும்."

"ஐயா?"

"இது வேலைக் கதை. திருப்பும்."

வேலாயுதத்தார் இன்னும் முற்றத்தில்தான் நின்றார், வாழைக்குலையைப் பார்த்தபடி. ஐயா ஜீப்பை விட்டு இறங்காமலே சொன்னார்.

"பழத்தைத் திருப்பி எடுக்க வரேல்லை. மாப்பிளையை மட்டும் மாத்திக்கொண்டு வந்திருக்கிறன்."

வேலாயுதத்தார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி இன்னும் தற்காலிகமெல்லோ, ஐயா?"

"நாளைக்குக் காலமை எட்டு மணி வரைக்கும்தான்" என்றார் ஐயா.

குசினிக்குள் ஏதோ ஒரு பாத்திரம் கைதவறி விழுந்து உருண்டது.

இளம் சாரதிகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மேலதிகாரி வாயை மூடு என்றாலும், அவர் இருக்கிற சீற்றின் வேலை என்ன என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் பயந்து வாயை மூடியதால் ஒரு நல்ல மனிதர், றோட்டு நிறையக் கைகள் எழும்பிக்கொண்டிருக்க, மூன்று மாதம் தனியாக இருந்தார். அவரே ஜீப்பைத் திருப்பச் சொல்லியிராவிட்டால் நானும் தனியாகத்தான் இருந்திருப்பேன்.