நாலு மணிக்கு வரும் கைவண்டி

அவரை எல்லோரும் கோயில்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். நகரத்தில் ஒரு காலத்தில் ஒன்பது பழைய தேவாலயங்கள் இருந்தனவாம். சந்தைக்கு ஒன்று, ரயில் பாதைக்கு ஒன்று என்று இடிபட்டுப் போய் மிச்சம் நான்கு. அதில் ஒன்றின் கதவை ஐம்பத்தெட்டு வருடம் திறந்து மூடியவர் அவர். பத்தொன்பது வயதில் அங்கே சுவர் பழுதுபார்க்கும் வேலைக்குக் கல் சுமக்கப் போனவர், வேலை முடிந்தும் வெளியே வரவில்லை. பெஞ்சு துடைப்பது, எரிந்து மிஞ்சிய மெழுகை உருக்கி மறுபடி திரி போடுவது, வௌவால் விரட்டுவது, இதுதான் பிழைப்பு. கல்யாணம் அங்கே. மனைவியின் அடக்கப் பூசையும் அங்கே. பல்பு மாற்ற ஏணியில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகுதான் படுக்கையைப் பார்த்தார்.

மகள் தையல்கடை வைத்திருக்கிறாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தினாள். நான் எந்தக் கோயிலுக்கும் போகிறவள் அல்ல. புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, நோட்டில் எழுதுவது என் வேலை.

காலையில் அவர் புத்தி தெளிவாக இருக்கும். உப்பு குறைந்தால் என்னிடம் சண்டைக்கு வருவார். மூன்றரைக்கு மேல் கலங்கிவிடும். வயதானவர்கள் சிலருக்கு வெயில் இறங்கும் நேரத்தில் இப்படி ஆவதுண்டு. எதிர்த்துப் பேசக்கூடாது, என்ன சொன்னார் என்று நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாலு மணிக்கு அவருக்கு வயது பத்தொன்பது. கைவண்டி வாசலிலேயே நிற்கிறது, கல்லை இறக்க ஆள் வரவில்லை என்று தவிப்பார். இறக்கியாகிவிட்டது, தண்ணீர் குடியுங்கள் என்பேன். குடிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் சாலையை அகலப்படுத்தும் பேச்சு வந்தது. ஒரு பக்கம் அவர் இருந்த கோயில், எதிர்ப்பக்கம் கடைகள். மகளின் கடை அங்கே இல்லை. நூறு வருடம் தாண்டிய வழிபாட்டிடம் என்றால் தொடமாட்டார்கள், கடைகள் போகும். கோயில் சுவரில் வருடம் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. அது நூற்று நாற்பது வருடம் என்கிறது. கடைக்காரர்களோ, அந்தக் கல் இந்தக் கோயிலுடையதே இல்லை, சுமார் அறுபது வருடத்துக்கு முன் சந்தைக்காக இடித்த கோயிலிலிருந்து கொண்டுவந்து பதித்தது என்று மனுக் கொடுத்தார்கள். கோயில் பதிவேடுகள் மழையில் நனைந்து கூழாகிப் போயிருந்தன. அந்தக் காலத்து ஆள் என்று உயிரோடு இருப்பவர் கோயில்பிள்ளை ஒருவர்தான்.

அப்போதுதான் கைவண்டி என்னை உறுத்தியது. மறுநாள் காலையில், மருந்து கொடுத்துக்கொண்டே, அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"எங்கேருந்து வரும்? கோயில் கட்டினப்பவே வெச்ச கல்லும்மா அது," என்றார். கண் இமைக்கவில்லை.

தெளிந்த புத்தி ஒன்று சொல்கிறது, கலங்கிய புத்தி வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவள் நான், எனக்கே பிடிபடவில்லை.

விசாரிக்க அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. கோயில் பாதரும் மகளும் என்னைக் கேட்டுக் காலை பத்து மணி என்று ஏற்பாடு செய்தார்கள். மகள் அப்பாவுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டுவிட்டாள். பத்து மணியாயிற்று, பன்னிரண்டாயிற்று. பாதர் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அதிகாரி படியேறி வந்தபோது மணி நாலு பத்து. வேறொரு இடத்தில் தகராறாம்.

"நாளைக்குக் காலையில வந்தீங்கன்னா நல்லா பேசுவார் சார்," என்றாள் மகள். அதிகாரிக்கு அன்றே முடித்தாக வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவரே, சுவர்ல இருக்கற கல் எங்கேருந்து வந்துச்சு?"

"வந்துட்டியா? வண்டி எவ்வளவு நேரமா நிக்குது. ஒரு கை பிடி."

"எங்கேருந்து வண்டி?"

"கோயில்லேருந்து."

"எங்கே போகுது?"

"கோயிலுக்கு."

"எந்தக் கோயில்?"

"நம்ம கோயில்தான். இது தெரியாமலா வேலைக்கு வந்தே?"

அதிகாரிக்குத் தலை சுற்றியது முகத்தில் தெரிந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. இவர் சுயநினைவோடு பேசுகிறாரா என்று அதிகாரி என்னைக் கேட்டார். சாயங்காலத்தில் நிதானம் இருக்காது, வேண்டுமானால் நோட்டைப் பாருங்கள் என்று எடுத்துக் கொடுத்தேன். அது என் பிசகு. ஐந்து மாதப் பக்கங்களை அவர் புரட்டினார். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. நாலு மணி, கைவண்டி, கல். நாலேகால், கைவண்டி, கல்.

"அம்மா, குழம்பினவர் தினம் ஒண்ணு சொல்லணும். இவர் ஒரே கதையை இல்ல சொல்லிட்டிருக்கார்?"

மகள் என்னையே பார்த்தாள்.

"ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொல்றதும் இந்தக் குழப்பத்துல ஒரு வகைதான் சார். நிறைய பேர்கிட்ட பார்த்திருக்கேன்," என்றேன்.

அது உண்மை. ஆனால் உண்மை என்பதற்காகத்தான் சொன்னேனா, அந்தப் பெண்ணின் முகத்துக்காகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு, சாட்சி நம்பத்தக்க நிலையில் இல்லை, கல்லில் உள்ள வருடமே ஏற்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைகள் போயின. கோயில் நிற்கிறது.

மறுநாள் காலையில் கோயில்பிள்ளை தெளிவாக இருந்தார். யாரோ வந்தார்களாமே, நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். மறைக்காமல் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அந்த ஆள் நம்பினானா?"

"நம்பலை. உங்களுக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டார்."

"அப்ப கோயில் இருக்கும்."

"இருக்கும்."

தலையை ஆட்டினார். முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. மகள் எட்டிப் பார்த்து, இப்போது எதற்கு வருத்தம் என்று கேட்டாள்.

"வருத்தம் ஒண்ணுமில்ல," என்றார். "நான் சொன்னதை நம்பலையா?" என்று மறுபடி என்னைக் கேட்டார்.

நம்பவில்லை என்றேன். சுவர்ப்பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தேன். முதுகைப் பார்த்தேன், புண் இல்லை.