பர்மனென்ட் ஆன மாணிக்கம்மாள்

கம்மாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் நெய்வேலிக்கு வந்து, குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்கிவிட்டுப் போகிறவள் மாணிக்கம்மாள். கான்ட்ராக்ட் வேலை. புருஷன் வேணுவும் மைன்ஸில் கான்ட்ராக்டாகவே உழைத்து கான்ட்ராக்டாகவே செத்தவன். அந்த ஊரில் எத்தனை ஜாதி இருந்தாலும் கடைசியில் இரண்டுதான்: பர்மனென்ட், கான்ட்ராக்ட். பர்மனென்ட்காரர் கழுத்தில் போட்டோ போட்ட கார்டு தொங்கும். அது ஒன்று கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும் என்று மாணிக்கம்மாள் சாமியை நம்பியதைவிட உறுதியாக நம்பினாள்.

புகையிலை அதக்கும் கன்னத்தில் புண் வந்தது, ஆறவில்லை. வடலூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மகள் எழில்மதி லீவு போட்டு, பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் புற்றுநோய்த் துறைக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிராக இரண்டு யூனிட். ஒரு பக்கம் போதனை யூனிட். ஆபரேஷன், மருந்து, மாணவர்களுக்குப் பாடம் எல்லாம் அங்கேதான். எதிர்ப்பக்கம் ஆராய்ச்சி யூனிட். அங்கே ரத்தமும் எச்சிலும் எடுத்து நோயை ஆராய்வார்கள். வைத்தியம் கிடையாது.

எழில்மதி சீட்டு வாங்கும் வரிசையில் நின்றிருந்தபோது, போதனை யூனிட்டில் பேராசிரியர் செந்தில்நாதன் டார்ச் அடித்து மாணிக்கம்மாளின் வாயைப் பார்த்தார்.

"சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்கம்மா. அடுத்த வாரம் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா பொழைச்சுக்கலாம்" என்றார்.

நல்ல வார்த்தைதான். மாணிக்கம்மாளின் கண்ணோ அவர் பின்னால் எட்டிப் பார்த்த மாணவர்கள் மேலேயே இருந்தது. அவர்கள் மாசத்துக்கு மாசம் மாறுவார்கள் என்று தாழ்வாரத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். மாறுகிற ஆள் என்றால் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட் ஆள் தன் கன்னத்தில் கத்தி வைத்துத் தொழில் பழகுவதா என்று முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரச்சொல்லி எதிர்ப்பக்கம் அனுப்பினார்கள். அங்கே சிஸ்டர் தமயந்தி நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, ரத்தம் எடுத்து, போட்டோ ஒட்டிய கார்டு ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"மாசாமாசம் வாங்கம்மா. நாங்களே போன் பண்ணுவோம். கடைசி வரைக்கும் உங்கள ஃபாலோ பண்ணுவோம்."

மாணிக்கம்மாளை வாழ்நாளில் யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் சொன்னாள்: "ஆபரேஷன்லாம் வாணாம்டி. அது கத்துக்குட்டிங்க வேலை. என்னைப் பெரிய யூனிட்ல எடுத்துக்கினாங்க. பர்மனென்ட்டு."

எழில்மதியும் அந்த ஊரில் வளர்ந்தவள்தானே, நம்பிவிட்டாள். அம்மாவை நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

மாசம் தவறாமல் மாணிக்கம்மாள் போனாள். ஒவ்வொரு தடவையும், கட்டியாகிவிட்ட அந்தப் புண்ணை அளந்தார்கள்.

"வலிக்குதாம்மா?"

"ரொம்ப வலிக்குதுங்க."

அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள். வைத்தியம் எதிர் ரூமில் நடக்கிறது என்று இவர்கள் நினைத்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் புதுமருந்து கொடுக்கிறார்கள் போல என்று, அவளைத் தாழ்வாரத்தில் பார்த்த போதனை யூனிட் ஆட்கள் நினைத்தார்கள். இத்தனை படித்தவர்களில் ஒரு புண்ணியவானுக்குத் தாழ்வாரத்தைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் கட்டி கன்னத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எழில்மதி பதறிப்போய் அம்மாவை போதனை யூனிட்டுக்கே இழுத்துவந்தாள்.

"இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார் செந்தில்நாதன்.

மாணிக்கம்மாளால் வாய் திறக்க முடியவில்லை. கார்டைத் தூக்கிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், கதவு வழியாக எதிர் ரூமைப் பார்த்தார், முகம் வெளிறியது. ஒரு கணம்தான். பாட நேரம் அது. மாணவர்களை அருகே வரச்சொல்லி, வைத்தியமே பார்க்காவிட்டால் இந்த நோய் எப்படி முற்றும் என்று விளக்க ஆரம்பித்தார்.

"இப்பவாவது ஆபரேஷன் பண்ணுங்க சார்" என்றாள் எழில்மதி.

"இனிமே வலிக்கு மாத்திரைதாம்மா குடுக்க முடியும்."

விஷயம் தெரிந்து தமயந்தி ஓடிவந்தாள். பாவம், அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் வந்த வேலையைச் சொல்லாமல் போகவில்லை: "அம்மாவ அடுத்த மாசமும் கூட்டிக்கினு வாங்க. வைத்தியமே இல்லாம ஆரம்பத்துலேர்ந்து எங்களுக்கு யாரும் இப்படிக் கிடைச்சதில்ல. எங்க யூனிட்டுப் பெரிய டாக்டர் கேட்டுக்கச் சொன்னாரு."

எழில்மதி பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் கழுத்திலிருந்த கார்டைப் பிடித்து இழுத்தாள். மாணிக்கம்மாள் இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டாள். விடவே இல்லை.