குளியல் பொடிக்கு ஒரு கிடாவின் அத்தாட்சி

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆட்டுக்கிடாவின் குளம்பை மையில் தோய்த்துக் காகிதத்தில் பதித்து, அதை ஏர்மெயிலில் பிரான்சுக்கு அனுப்பிவைத்த குடும்பம் எங்களுடையது. அதில் அண்ணிக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அவர் செய்ததெல்லாம் கிடாவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது மட்டும்தான். யோசனை முழுக்க என்னுடையது.

அண்ணி விழிதியூரிலிருந்து காரைக்காலுக்கு வாழ வந்தவர். வந்த இரண்டாம் வருடமே குளியல் பொடி அரைத்து விற்கத் தொடங்கிவிட்டார். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போகரிசி, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாவற்றையும் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வந்து, கூடத்தில் வேட்டியை விரித்துச் சூடு ஆறப் போடுவார். வேட்டி அண்ணனுடையது. பொடி புதிதாக வந்தால் முதலில் தன் முழங்கையின் உட்பக்கம் குழைத்துப் பூசி ஒரு நாள் பார்ப்பார். அரிப்பு இல்லையென்றால் அடுத்து என் முகம். அதற்கப்புறம்தான் விற்பனை.

அண்ணனுக்கு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் எழுந்தவுடன் வரிசையாகப் பத்துத் தும்மல் போடுவார். வேட்டியிலும் சட்டைக் காலரிலும் மஞ்சள். ஒருநாள் ஆபீசில் யாரோ, "என்ன சார், வீட்ல மஞ்சள் நீராட்டா? யாருக்கு, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தை பொறந்தா இந்த வீட்ல பொடிங்கிற பேச்சே இருக்கக் கூடாது. வெளில ஒரு எடம் புடிச்சி நடத்து. முடியலன்னா மூட்டை கட்டிடு."

வெளியே இடம் பிடிக்க வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் விற்கிற பத்துப் பதினைந்து பொட்டலம் போதாது. பெரிய ஆர்டர் ஒன்று வேண்டும். அண்ணி அன்றிரவு சாப்பிடவில்லை. கவலை எனக்கும்தான். இடம் கிடைத்தால் அங்கே எனக்கும் வேலை உண்டு என்று அவர் சொல்லியிருந்தார். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள் நான்.

பெரிய ஆர்டர் பக்கத்து வீட்டு வழியாக வந்தது. அந்த வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். அவர்களுடைய மகள் லீவுக்கு வந்தபோது பத்துப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போய், அங்கே சோப்பும் முகப்பூச்சும் விற்கும் கடைக்கார அம்மா ஒருவருக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மா பூசிப் பார்த்து மயங்கிப் போய், ஐந்நூறு பொட்டலம் வேண்டும் என்று இங்கிலீஷில் கடிதம் எழுதிவிட்டார். கூடவே நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு படிவம்.

அண்ணிக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். இங்கிலீஷ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆகவே அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டின் வெளியுறவு மந்திரி நான்தான். படிவத்தைச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் ஒரு கேள்வி: இந்தப் பொருள் விலங்குகள் மீது சோதிக்கப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"அய்யய்யோ, அதெல்லாம் பண்ணலயே," என்றார் அண்ணி.

"இல்லன்னு போட்டா ஆர்டரும் இல்லன்னு போயிடும் அண்ணி. வெள்ளக்காரங்க தோலு மெல்லிசு. மொதல்ல ஒரு உசுருக்குப் பூசிப் பாத்திருந்தாதான் அவங்க தைரியமாப் பூசுவாங்க."

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மனதார நம்பினேன். எங்கள் ஊரில் படிவத்தில் 'இல்லை' என்று எழுதியவன் எவனும் ஒரு கவுண்டரைத் தாண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அவன் விட்டுப்போன காகிதப் பைத்தியம் ஊரைவிட்டுப் போகவில்லை. பிறந்ததற்கு, இறந்ததற்கு, உயிரோடு இருப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். ஆகவே 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டேன். போட்ட பிறகு, வெறும் கோட்டை யார் நம்புவார்கள் என்று தோன்றியது. அத்தாட்சி வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு கிடா இருந்தது. அம்பகரத்தூர் காளியம்மனுக்கு நேர்ந்துவிட்டது. நேர்ந்துவிட்ட திமிரில் யார் வீட்டுக் கொடியில் என்ன தொங்கினாலும் தின்றுவிடும். அதை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கி, நானும் அண்ணியும் தெரு வழியாக மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். கம்பவுண்டர் எங்கள் பொடிக்கு வாடிக்கையாளர், அதாவது அவர் மனைவி.

"ஆட்டுக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்."

ஒன்றுமில்லாத ஆட்டைக் கூட்டி வந்தவர்களை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் விஷயத்தைச் சொல்லி, மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் கிடா பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்று முடித்துவிட்டது. கம்பவுண்டர் கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒருமுறை தும்மியது. அண்ணன் தும்முகிற அதே தும்மல். பிறகு வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு நின்றது.

அவர் நேர்மையானவர். "மேற்படி ஆடு மேற்படி பொடியை உட்கொண்டது. நலமாக உள்ளது," என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். எனக்கு அது போதவில்லை. மைப்பெட்டியைக் கடன் கேட்டு, கிடாவின் முன்னங்காலைத் தூக்கி, கையெழுத்துக்குக் கீழே ஓர் அழுத்து அழுத்தினேன். கைநாட்டு! மைப்பெட்டி கவிழ்ந்து அண்ணியின் புடவையில் பாதி போனது.

மறுநாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் இங்கிலீஷில் கடிதம் அடித்தேன். அடிக்கிற வேகத்தில் கை சும்மா இருக்கவில்லை. ஒரு மாதம் தினமும் ஆட்டை எங்கள் பொடி போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டியதாகவும், அதன் தோல் பளபளவென்று ஆகிவிட்டதாகவும் அடித்தேன். கடைசியில், விரும்பினால் பசுமாட்டிலும் செய்து காட்டுவோம் என்று ஒரு வரி. அந்த வரியை அடித்து முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருக்காங்க."

"ஒன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே. முழுசாப் படி."

படித்தேன். தன் கடையில் உள்ள ஒவ்வொரு புட்டியிலும், இதற்காக எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று எழுதியிருக்கிறதாம். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்களாம். ஒரு வாயில்லா ஜீவனை மாதம் முழுக்கத் தேய்த்ததோடு நில்லாமல், அதன் காலில் மை பூசி அதையும் பெருமையாக அனுப்பியவர்களிடம் பொருள் வாங்கத் தன் மனம் ஒப்பவில்லையாம். ஆடு இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கும்படியும் கேட்டிருந்தார்.

ஆடு இப்போது இல்லை. முந்தின வாரம்தான் வேண்டுதல் நிறைவேறியது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது.

அண்ணி அதையெல்லாம் கேட்கவில்லை. "மாசம் பூரா குளிப்பாட்டுனோம்னு எழுதுனியா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். "பொய்னு எழுது. திங்கத்தான் தின்னுச்சு, நாங்க ஒண்ணும் பண்ணல, எங்க கையிலயும் மூஞ்சிலயும்தான் பூசிப் பாக்குறோம்னு எழுது." எனக்கு மானம் போனது. ஆனாலும் ஒன்றுவிடாமல் அடித்தேன்.

கடைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் அவ்வளவு அன்பு. ஆர்டர் உறுதி என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார். அண்ணி என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார். பூட்டிக்கிடந்த ஒரு கொட்டகையைத் திருநள்ளாறு ரோட்டில் பார்த்து வைத்திருப்பதாக அப்போதுதான் சொன்னார். நான் இரண்டாம் பத்திக்குப் போனேன்.

அவர்கள் நாட்டுச் சட்டப்படி, மேனியில் பூசுகிற பொருளுக்கு ஆபத்தில்லை என்று காட்டும் சோதனைக் காகிதம் இருக்க வேண்டுமாம். நம் கார்போகரிசியும் பூலாங்கிழங்கும் அங்கே யாரும் கேள்விப்படாதவை. ஆகவே ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து முயல்கள் மீது சோதித்துவிடலாம். கவலை வேண்டாம். சோதிப்பது ஆய்வுக்கூடம், அவரும் அல்ல, நாங்களும் அல்ல. ஆகவே 'நாங்கள் விலங்குகளில் சோதிப்பதில்லை' என்று பொட்டலத்தின்மேல் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எங்கள் சம்மதக் கையெழுத்து மட்டும் போதுமாம்.

படித்தபோது பிரமித்துப் போனேன். நான் அடித்தது வடிகட்டின பொய். அந்த அம்மா ஒரு பொய்யும் சொல்லாமலே காரியத்தை முடிக்கிறார். இதல்லவா கெட்டிக்காரத்தனம்!

"மொயலுக்கு என்ன பண்ணுவாங்க?" என்றார் அண்ணி.

அது கடிதத்தில் இல்லை. கம்பவுண்டரிடம் போனோம். பயிற்சிக் காலத்தில் மெட்ராசில் அவர் பார்த்திருக்கிறாராம்.

"தல மட்டும் வெளில தெரியறமாரி பொட்டில அடைச்சிடுவாங்கம்மா. கண்ணுல மருந்த விட்டுட்டு, செவக்குதா, புண்ணாவுதான்னு நாள்கணக்காப் பாப்பாங்க. அது தொடச்சிக்கவும் முடியாது."

அண்ணி திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அண்ணன் கேட்டார். "போன மாசம் கெடா கறிய ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டு சாப்ட்டவதானே நீ? இப்ப என்ன மொயலுக்கு அழுவுற?"

"திங்கிறதுக்கு வெட்டுனா ஒரு நியாயம் இருக்குங்க. மூஞ்சி மினுக்கறதுக்கு ஒண்ணுத்தோட கண்ண புண்ணாக்கறதுல என்ன நியாயம் இருக்கு? அதையும் பண்ணிட்டு, பண்ணலன்னு மேல எழுதி ஒட்டணுமாம்." பிறகு என்னைப் பார்த்தார். "முடியாதுன்னு எழுதிடு. எங்க கெடா பொய், ஒங்க மொயலு நெசம்னு எழுது."

மார்கழி பிறந்து பாதி ஆகியிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எங்கோ கண்காணாத சீமையில் இருக்கிற முயலுக்காக, கண்ணெதிரே இருக்கிற கொட்டகையை விட்டுவிடுவதா? இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து சம்மதம் என்று அடித்தேன். சுருக்கமாக, மிக அழகாக, ஒரு தவறுகூட இல்லாமல் அடித்தேன். அண்ணி நன்றி சொல்லப்போகிற நாளைக்கூட மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அண்ணி பயறு புடைத்துக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"படிச்சுக் காட்டவா அண்ணி?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கெடா விஷயத்துல ஒரு தடவ வெளையாட்டா அடிச்சிட்ட. மறுபடியும் அப்படிப் பண்ணுவியா என்ன?"

தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிக் கொடுத்தார். தபால்பெட்டி வரை நடந்தேன். உறையைப் பெட்டியின் வாய் வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பினேன். இன்ஸ்டிட்யூட்டில் மறுபடியும் மெஷினில் உட்கார்ந்து அவர் சொன்னதைச் சொன்னபடி அடித்தேன்.

இரண்டாவது காகிதத்தைப் பார்த்ததும் அண்ணி நிமிர்ந்தார். "இப்பத்தானே போட்டேன்?"

"அதுல ஒரு எடத்துல தப்பு வந்துடுச்சி அண்ணி."

"எந்த எடத்துல?"

நான் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் என்னையே பார்த்தார். திட்டவில்லை. பேனாவை எடுக்காமல், "படிச்சுக் காட்டு," என்றார். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லித் தலையசைத்துக்கொண்டே வந்து, கடைசி வரிக்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பதிலே வரவில்லை. தை பிறப்பதற்குள் அண்ணி பொடி வேலையை மூட்டை கட்டினார். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கூடத்துச் சுவரிலிருந்த மஞ்சளும் போய்விட்டது. அண்ணன் தும்முவதை நிறுத்தினார். அண்ணி ஒருநாளும் அந்த ஆர்டரைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசியதில்லை. அதற்கப்புறம் பேங்க் பாரம், மின்சார ஆபீஸ் மனு என்று எத்தனையோ இங்கிலீஷ் காகிதங்களை அவருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். முழுவதும் படித்துக் காட்டச் சொல்லாமல் அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.