பெருவிரல் புடைப்பும் கூர்மூக்கு ஷூவும்

என் நாத்தனாருக்கு ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆனால் வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது அவளுக்கு உயிர். யூனிஃபார்மோடு கூர்மூக்கு வைத்த கறுப்பு ஷூ கட்டாயம்.

அவளது வலது கால் பெருவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துவிட்டது. சாயங்காலம் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வருவாள்.

"கால் ஆணிதான், வேறென்ன?" என்று என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்டர் வாங்கிவந்து தங்கைக்கு ஒட்டிவிட்டார். அதிலிருந்த மருந்தில் தோல் வெந்ததுதான் மிச்சம்.

"பெரிய டாக்டரு! நல்லா இருந்த தோலையும் உரிச்சாச்சு," என்றேன். மனுஷன் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அடுத்து அவளே ஒரு சைஸ் பெரிய ஷூவாக வாங்கினாள். நீளம் கூடியது, அகலம் கூடவில்லை. ஷூ குதிகாலில் கழன்றது, மூட்டு அதே மாதிரி நசுங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழுத்துக்கொண்டு போய் எலும்பு டாக்டரிடம் உட்காரவைத்தேன்.

"ஆணி இல்லம்மா, எலும்பே விலகியிருக்கு. ஒட்டினாலும் சீவினாலும் போகாது," என்றார் அவர். "முன்பக்கம் அகலமான ஷூ போடுங்க. விரலுக்கு நடுவுல மெத்தை வைங்க. வலி குறையும், ஆனா விரல் தானா நேராகாது. அப்பவும் நடக்க முடியலேன்னா ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்."

அகல ஷூ வாங்கினோம். அதுவும் கறுப்புதான்.

"மேனேஜர் என்னை உள்ள போன் ரூமுக்குத் தூக்கிப் போட்டுடுவார் அண்ணி."

"மேஜைக்குப் பின்னாடி நிக்கிறவ காலை எவன்டி எட்டிப் பாக்கப் போறான்? போட்டுட்டுப் போ!"

அந்த மேனேஜரே எட்டிப் பார்த்திருக்கிறான். "யூனிஃபார்ம்னா யூனிஃபார்ம்தான். வலிச்சா உள்ள உக்காந்து போன் எடுங்க" என்றானாம். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கே உள்ளே அனுப்பிவிட்டான்; ஜன்னல்கூட இல்லாத அறையாம் அது.

சாயங்காலம் நொண்டாமல் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"வலி இருக்கா?"

"இல்ல அண்ணி. இன்னைக்கு ஒரு மூஞ்சியைக்கூடப் பாக்கல."

அந்த மேனேஜர் காலில் அந்தக் கூர்மூக்கு ஷூவை ஒரு நாள் மாட்டிவிடணும்.

"எந்திரி, சாப்பிடலாம்," என்றேன்.